எல்லிஸ் துரையின் உத்தியோகப் பட்டியல்

அன்புள்ள கயலுக்கு,

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் பார்த்த உத்தியோகங்களைப் பற்றி நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். முதல் வரியே சறுக்கல். 1796-இல் சென்னைக்கு வந்தபோது அவர் 'ரைட்டர்'. அதை எழுத்தாளர் என்று போட்டிருக்கிறாயே! கம்பெனி உத்தியோகத்தில் அது கடைசிப் படி, குமாஸ்தா வேலை. அதற்கு மேல் ஃபாக்டர், ஜூனியர் மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட். வியாபாரம் பின்னுக்குப் போய் வரிவசூல் முன்னே வந்த பிறகும் இந்தப் பெயர்கள் நீடித்தன. அதனால் படிக்கு ஒரு பத்தி, பார்த்த வேலைக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாகப் போடு.

கலெக்டர் என்றதும் ஜில்லாவை நினைக்காதே. 1809-இல் அவர் நிலச்சுங்கக் கலெக்டர். அது சுங்க இலாகா. 1810-இல்தான் சென்னைக் கலெக்டர். நடுவில் 1802-இல் ரெவின்யூ போர்டு செயலாளர், 1806-இல் மசூலிப்பட்டினத்தில் ஜில்லா ஜட்ஜ். கோர்ட்டு, கஜானா இரண்டையும் பார்த்த ஆள்.

நீ அதிகம் தடுமாறியிருப்பது பசலியில், அதாவது வரிவசூல் கணக்குக்கான ஆண்டில். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், சரிதான். ஆனால் பசலி பிறப்பது ஜூலையில். ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள காகிதத்துக்கு 591 கூட்ட வேண்டும். பசலி 1228 என்று போட்ட மார்ச் மாதக் காகிதம் 1819-ஐச் சேர்ந்தது. நீ 1818 என்று எழுதியிருக்கிறாய். சக ஆண்டுக்கு 78 கூட்டு. ராயப்பேட்டையில் அவர் வெட்டிய கிணற்றின் கல்வெட்டில் சகம் 1740, அதாவது 1818. 'இருபுனலும் வாய்ந்த மலையும்' என்ற குறளும் அதில் உண்டு. கிணற்றுக்குக் குறள் வெட்டிய கலெக்டர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

பணக் கணக்குக்கு, வராகன் என்ற பொன் நாணயம் 100-க்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள். 1818-க்கு முந்தைய கணக்கில் வராகன், பணம், காசு என்றே இருக்கும். அங்கே 'பணம்' ஒரு நாணயம், வராகனுக்கு 42. பொதுவான பணம் என்று படித்தால் கூட்டல் உதைக்கும்.

மிராசு என்ற பரம்பரை நில உரிமை பற்றிய 17 கேள்விகளுக்கான பதில் நூலை அவர் பெயரில் மட்டும் எழுதாதே. அவருடைய கச்சேரியின் தலைமை எழுத்தரான சிரஸ்தார் சங்கரய்யாவின் பங்கு அதில் பெரிது.

கடைசி வரியையும் திருத்து. 1819 மார்ச்சில் அவர் இறந்தது ராமநாதபுரத்தில். அதற்காக அவரை ராமநாதபுரம் கலெக்டர் ஆக்கிவிடாதே. போன இடத்தில் இறந்தார், பதவி சென்னையில்தான்.

அன்புடன்,
அப்பா