அணைத்த பின்னும் ஆறாத உலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எரிபொருள் மாற்றுவதற்காக அணு உலையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி, "இந்த வருடம் கணக்கு கொஞ்சம் கூடுதல்தான் அப்பா" என்று நீ தொலைபேசியை வைத்து மூன்று மாதமாகிறது. எந்தக் கணக்கு என்று நான் அன்று கேட்கவில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை.

கதிர்வீச்சுப் பணியாளர்களின் உடல் ஏற்கும் கதிர்வீச்சுக்குச் சர்வதேசப் பரிந்துரைப்படி வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்: தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகும். அதுவும் புள்ளி போன்ற மூலத்துக்குத்தான். நீண்ட குழாயின் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆகவே வேலையை வெளியிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போ, நிமிடங்களைக் குறை, உடலில் ஏறும் கதிர்வீச்சைக் காட்டும் அளவுமானியை மேலங்கியோடு கழற்றி வைத்துவிடாதே. தூரம், தூரம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

உன் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு "குண்டு மாதிரி வெடித்துவிடாதா?" என்பவர்களிடம், பெரும்பாலான உலைகளின் எரிபொருளில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது, குண்டுக்கோ தொண்ணூறு விழுக்காடு அளவில் வேண்டும் என்று பெருமையோடு விளக்குவது நான்தான். நீயோ ஒரு வரி எழுதுவதில்லை.

பெருமை பேசும் உரிமை எனக்கு உண்டா என்பது வேறு விஷயம். என் வகுப்பில் நீ அமர்ந்திருந்த ஆண்டில், அணுப் பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை முழுவதும் இறக்கிவிட்டால் உலை உடனே குளிர்ந்துவிடுமா என்று கேட்டாய். அடுப்பை அணைத்தால் ஆறுவதுபோல ஆறிவிடும் என்றேன். பிளவில் உண்டான துண்டுகள் சிதைந்துகொண்டே இருக்குமே, அந்த வெப்பம் எங்கே போகும் என்று நீ விடாமல் கேட்டபோது, அதிகப்பிரசங்கி என்று எல்லோர் முன்னிலையிலும் உட்கார வைத்தேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது.

ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் சங்கிலி வினை நின்ற கணத்திலும் முழுத் திறனில் ஆறேழு விழுக்காடு வெப்பம் எஞ்சுகிறது. ஒரு நாள் கழிந்த பின்னும் ஏறத்தாழ அரை விழுக்காடு, அதாவது 3000 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உலையில் 15 மெகாவாட். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வந்ததும் இயங்கிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. பின்னால் வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களைச் செயலிழக்கச் செய்து, குளிர்விக்க வழியில்லாமல் போனதால்தான், அந்த எஞ்சிய வெப்பத்திலேயே எரிபொருள் உருகியது. அந்த வாரம் நீ என்னை அழைத்தாய். செய்தி பார்க்க நேரமில்லை என்று பொய் சொன்னேன்.

கேள்வி கேட்டவளை அன்று உட்கார வைத்ததால்தான் இன்று எனக்கு எந்த எண்ணையும் நீ சொல்வதில்லையோ என்று தோன்றுகிறது. எழுதினால் எண்ணாகவே எழுது, மில்லிசீவர்ட்டில், தசமப் புள்ளியோடு. அம்மாவுக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.

அப்பா