கையெழுத்துப் போட்டுத் தந்த அயலவர்களுக்கு

விம்பிள்டன்
2015 மார்கழி

அன்பான அயலவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

கடந்த 10ஆம் திகதி வியாழக்கிழமை இரவு, லண்டனின் மேர்ட்டன் நகரசபையின் திட்டமிடல் குழு எங்கள் கழகத்தின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது. பிளவ் லேன் வீதியில் இருக்கும் நாய் ஓட்டப் பந்தய அரங்கின் காணியில், ஏ.எஃப்.சி. விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு மைதானம். முதலில் 11,000 பேருக்கு, பிறகு தேவைப்பட்டால் 20,000 பேர் வரைக்கும். பக்கத்தில் 602 வீடுகள். வாக்கெடுப்பில் எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எழும்பிக் குசினியில் போயிருந்து யார் யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். விடியும்போது கடதாசியின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. அதில் பாதிப் பேர் உதைபந்தாட்டமே பார்க்காத எங்கட ஆட்கள். அதனால்தான் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

போன மாரியில் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு நான் உங்கள் வீட்டு மணியை அடித்தது நினைவிருக்கும். ஆதரவுக் கடிதங்களை அந்தப் பெட்டியில்தான் சேர்த்தேன். "தம்பி, பந்தடிக்கிற இடத்துக்கு நாங்கள் ஏன் கையெழுத்துப் போடவேணும்?" என்று பலர் கேட்டீர்கள். கதவு வாசலில், குளிருக்குள் நின்றுகொண்டு சரியான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

விம்பிள்டன் கழகம் 1889இல் தொடங்கியது. 1912இலிருந்து பிளவ் லேனில் இருந்த பழைய மைதானத்தில் ஆடியது. 1988இல் வெம்பிளி மைதானத்தில் லிவர்பூல் கழகத்தை 1–0 என்று வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்தது. கோல் அடித்தவர் லோரி சான்செஸ். ஜோன் ஓல்ட்றிட்ஜ் அடித்த தண்ட உதையை டேவ் பீசன்ட் தடுத்தார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் எதிலும் அதற்கு முன் யாரும் தண்ட உதையைத் தடுத்ததில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர்தான் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக்குக்குள் வந்த ஒரு சின்னக் கழகம் அது.

நான் அடுத்த வருடம்தான் இந்தப் பக்கம் வந்தேன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடியப்புறம் நாலு மணிக்கு ஒரு தபால்காரர் வருவார். பால் வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகமுதல் பத்து நிமிடம் கதைப்பார். எனக்கு அப்போது ஆங்கிலம் மட்டு மட்டு. ஒருநாள் அவர் நாலு சொக்கலேற்றுகளைக் கவுண்டரில் வரிசையாக வைத்து, ஒரு சில்லறைக் காசைப் பந்தாக்கி, ஓஃப்சைட் என்றால் என்ன என்று காட்டினார். ஊரில் பின்காவலில் நின்று ஆடியவன் நான். எனக்கு அது தெரியும் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் சொல்லிமுடிக்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை என்னைப் பிளவ் லேனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்த நாட்டில் வேலையையும் விசாவையும் தவிர வேறொன்றைப் பற்றி ஒருவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு பருவம்கூட முழுதாகப் பார்க்கவில்லை. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் பலர் இறந்த அனர்த்தத்துக்குப் பிறகு பெரிய மைதானங்கள் எல்லாம் இருக்கை மைதானங்களாக மாறவேண்டும் என்று வந்தது. பிளவ் லேனை அப்படி மாற்ற முடியாது என்று அப்போதைய நிர்வாகம் முடிவெடுத்தது. 1991 மே மாதம் கிறிஸ்டல் பலஸிடம் 0–3 என்று தோற்றோம். அங்கே அதுதான் கடைசி லீக் ஆட்டம். அடுத்த பருவம் அதே கிறிஸ்டல் பலஸின் செல்ஹேர்ஸ்ட் பார்க்கில் போய் வாடகைக்கு இருந்தோம். பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்தக் கட்டடங்களுக்குக் கழகத்தின் பழைய ஆட்களுடைய பெயர்களை வைத்திருக்கிறார்கள். அந்த வழியால் போகும்போதெல்லாம் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டுதான் நடப்பேன்.

பிறகு 2002. கழகத்தை வடக்கே 90 கிலோமீற்றர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக மே 28ஆம் திகதி அனுமதி கிடைத்தது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூன்று பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் ஓம் என்றார்கள், ஒருவர் இல்லை என்றார்.

இலங்கையில் எங்கட ஊர்க் கழகத்தின் மைதானம் 1990இல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஆனாலும் பெடியள் இடம்பெயர்ந்த இடங்களில், மற்ற ஊர்க்காரரின் மைதானங்களில், அதே பெயரோடு, அதே நிற உடுப்போடு ஆடினார்கள். ஊரில் மண் போனது, பெயரும் ஆட்களும் மிஞ்சினார்கள். இங்கே மண் போய், பெயரும் போய், ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள். அந்த ஆட்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று கழகத்தைத் திரும்பக் கட்டினார்கள். ஜூன் 29ஆம் திகதி விம்பிள்டன் பொதுவெளியில் ஆள் தெரிவு வைத்தார்கள். கழகம் எதிலும் இல்லாத பெடியள் யாரும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். தபால்காரர் தொலைபேசி எடுத்து "வா" என்றார், போனேன். நாய்களை நடத்திக்கொண்டு போனவர்களும் நின்று பார்த்தார்கள். பதினொரு நாள் கழித்து சட்டன் யுனைற்றட்டோடு முதல் ஆட்டம். 0–4 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

இந்தக் கழகத்துக்கு முதலாளி இல்லை. டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பிடம்தான் அது இருக்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கு. பணக்காரருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. சந்தா கட்டி நான் முதன்முதலாக வாக்குப் போட்டபோது எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமைகூடக் கிடைத்திருக்கவில்லை. அப்படித் தொடங்கிய கழகம் 78 லீக் ஆட்டங்களில் தொடர்ந்து தோற்காமல் வந்தது. ஒன்பது வருடத்தில் ஐந்து தடவை மேலே ஏறியது. 2011இல் மான்செஸ்டரில் லூட்டனைத் தண்ட உதைகளில் 4–3 என்று வென்று உதைபந்தாட்ட லீக்குக்கே திரும்பி வந்தது. 1988 கிண்ணத்தின் பிரதி உட்படப் பழைய கழகத்தின் சொத்தாக இருந்த வெற்றிச் சின்னங்கள் 2007இல் மேர்ட்டன் நகரசபையிடம் வந்து சேர்ந்தன. கிண்ணங்கள் எங்களுக்கு முதலே வீடு வந்துவிட்டன.

ஆட்கள்தான் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் சனிக்கிழமைகளில் 131ஆம் இலக்க பஸ் எடுத்து, ரெயின்ஸ் பார்க், நியூ மோல்டன் தாண்டி, கிங்ஸ்டனில் இருக்கும் கிங்ஸ்மெடோ மைதானத்துக்குப் போய்த்தான் எங்கள் "சொந்த மண்" ஆட்டத்தைப் பார்க்கிறோம். இதற்காகத்தான் உங்கள் கதவைத் தட்டினேன்.

இனி நன்றிகள்.

முதல் நன்றி என் மகளுக்கு. நான் எழுதிய முதல் கடிதத்தை வாசித்துவிட்டு, "அப்பா, உங்களுக்குக் கழகம் விருப்பம் என்பது திட்டமிடல் காரணம் இல்லை" என்றாள். அவள் சொன்னது சரி. நகரசபை பார்ப்பது போக்குவரத்து, வெள்ளம், வீடுகள், வேலைவாய்ப்பு, அயலுக்கு என்ன நன்மை என்பதைத்தான். ஒரே மாதிரி அச்சடித்த நூறு கடிதத்தை விட, ஆட்கள் தங்கள் சொந்தக் காரணத்தைச் சொல்லும் பத்துக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அதன் பிறகு நாங்கள் யாரிடமும் எழுதிவைத்த கடிதத்தைக் கொடுக்கவில்லை. நீங்கள் தமிழில் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, நீங்கள் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினாள். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய மாதங்கள் அவை.

கொலியர்ஸ் வூட் கடைக்காரத் தம்பிக்கு. தொலைபேசி அட்டைகள் வைக்கிற இடத்தை ஒதுக்கிப் பெட்டிக்கு இடம் தந்தார். மரக்கறி வாங்க வந்தவர்களை மறித்து விளக்கமும் சொன்னார். அவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். கோயிலடியில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வந்தவர்களை என்னிடம் கூட்டிவந்த அம்மாமாருக்கும் நன்றி. விபூதிக் கையால் பிடித்த கடிதங்களில் அந்த வெள்ளைத் தடம் அப்படியே இருந்தது. துடைக்காமல்தான் அனுப்பினோம்.

வாண்டில் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் அக்காவுக்கு நான் தனியே சொல்லவேண்டும். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தக் காணி வெள்ளம் நிற்கிற காணியெல்லோ? அங்கே கொங்கிறீட் போட்டால் தண்ணி எங்க போகும்? என்ர வீட்டுக்கோ?" எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததுபோலக் கதைத்திருக்கலாம், ஆனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, விண்ணப்பத்தோடு இருந்த வெள்ள அறிக்கையை மகளோடு இருந்து மூன்று இரவு வாசித்தேன். தண்ணீரைத் தேக்கி மெதுவாக விடுவதற்கு என்ன திட்டம் என்பதை ஒரு கடதாசியில் கீறிக்கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு இடத்தில் மறித்துக் கேட்டார். கடைசியில் அவர் சொன்ன கடிதம்தான் பெட்டியில் இருந்தவற்றுள் ஆகச் சிறந்தது: மைதானம் வரட்டும், ஆனால் வடிகால் வேலையைச் சொன்னபடி செய்யவேண்டும், செய்கிறார்களா என்று நகரசபை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று. அக்கா, அந்தக் கோரிக்கையை நானும் விடமாட்டேன்.

எதிர்த்து எழுதிய ஐயாவுக்கும் நன்றி. ஊரில் ஆசிரியராக இருந்தவர். இத்தனை வீடுகள் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் எங்கே, ஆட்ட நாளில் தெருவில் நடக்க முடியுமா என்று கேட்டார். என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, எழுதிய கடிதத்தையும் வாசித்துக் காட்டினார். ஐயா, நீங்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். அனுமதி கிடைத்ததால் அவை இல்லாமல் போகவில்லை.

கிங்ஸ்டன் மக்களுக்கு நாங்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு ஆட்ட நாளும் அவர்களின் தெருக்களை நிறைத்தோம். அதைவிடப் பெரிய கடன் கிங்ஸ்டோனியன் கழகத்துக்கு. கிங்ஸ்மெடோ 1989இல் அவர்களுக்காகக் கட்டிய மைதானம். அவர்கள் கையை விட்டுப் போன குத்தகையை 2003இல் நாங்கள் வாங்கினோம். அன்றிலிருந்து அவர்கள் தங்கள் சொந்த இடத்திலேயே வாடகைக்கு இருந்தார்கள். இப்போது நாங்கள் வீடு திரும்பும் செலவுக்காக அந்த மைதானத்தை செல்சி கழகத்துக்கு விற்க இணங்கியிருக்கிறோம். அவர்கள் வேறு இடம் தேடவேண்டிவரும். இடம்பெயர்ந்தவன் ஒருவனால் இதை எழுதாமல் விட முடியாது. எங்கள் கழகம் அவர்களுக்குச் செய்யவேண்டியதைக் குறைவில்லாமல் செய்யவேண்டும். டொன்ஸ் ட்ரஸ்ட் கூட்டத்தில் எனக்கு இருக்கிற ஒரு வாக்கோடு இதைக் கேட்பேன். நாய் ஓட்டப் பந்தயத்துக்கு மூன்று தலைமுறையாக வந்துபோனவர்களும் இருக்கிறார்கள். 1928இல் தொடங்கிய அரங்கு அது. அவர்களின் கவலை எனக்கு விளங்குகிறது.

கழகத்தில் சம்பளமில்லாமல் இரவு இரவாக வேலை செய்த தொண்டர்களுக்கும், கதவு கதவாகத் துண்டுப் பிரசுரம் போட்டவர்களுக்கும், பொறுமையாகப் பதில் சொன்ன நகரசபை அலுவலர்களுக்கும் நன்றி. இருபத்தாறு வருடமாக என் சனிக்கிழமைகளை விட்டுத்தந்த என் மனைவிக்கும்.

வேலை முடியவில்லை. இந்த அளவான திட்டம் என்றபடியால் லண்டன் மேயரிடம் போய்த்தான் வரவேண்டும். சட்ட ஒப்பந்தங்கள் எழுதவேண்டும். பணம் சேர்க்கவேண்டும். மழைக்கு முன் மண்வெட்டி எடுக்கலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். உங்கள் கடிதங்களின் பிரதிகளைத் தயவுசெய்து எறியாமல் வைத்திருங்கள். திரும்ப எழுதவேண்டி வந்தால் அதே பெட்டியோடு வருவேன்.

தபால்காரருக்கு இப்போது 84 வயது. ஹேடன்ஸ் வீதிக்குப் பக்கத்தில் அதே வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி. கிங்ஸ்மெடோவுக்கு அவரால் வர முடிவதில்லை. ஆட்டம் முடிந்ததும் நான் தொலைபேசியில் சொல்லக் கேட்பார், யார் எங்கே நின்றார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பார். புதிய இடமோ பழைய பிளவ் லேனிலிருந்து கூப்பிடு தூரம்தான். வெள்ளிக்கிழமை காலை போய், "ஓமாம்" என்றேன். ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திட்டப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். மேசையில் விரித்து நாலு மூலைக்கும் தேத்தண்ணிக் கோப்பையும் மருந்துப் போத்தல்களும் வைத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டிலிருந்து வாசல் வரைக்கும் விரலால் வழி பிடித்துப் பார்த்தார். பிறகு சக்கர நாற்காலிக்கு எந்த வாசல் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட,
சப்பாத்துப் பெட்டியோடு வந்த அயலவன்