மிஸ் கோல் அடிக்காதே, மகன்

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

டேட்டாவைப் போடுங்கோ, வட்ஸ்அப்பிலை கதைக்கலாம் என்பதற்கு அடையாளமாக நீ கனடாவிலிருந்து அம்மம்மாவின் போனுக்கு ஒரு மணி அடித்துவிட்டு வெட்டுகிறாய். அந்தப் பழக்கத்தை இந்தக் கிழமையோடு விட்டுவிடு. தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு மணி வந்தால் அது பேரன்தான் என்று அவவின் மனதில் பதிந்துபோச்சு. ஏமாற்றுக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு மணி அடித்து வெட்டி எங்களைத் திருப்பி எடுக்கவைக்கிற இந்த மோசடிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'வன்கிரி'. ஒன்று அடித்து வெட்டுவது என்று பொருள். கணினி ஒன்று ஆயிரக்கணக்கான எண்களுக்கு வரிசையாக அடிக்கும். யாரும் தூக்குவதற்கு முன்னே வெட்டிவிடுவதால் அவர்களுக்குச் செலவில்லை. நாங்கள் திருப்பி எடுத்தால் எங்கள் சிம் நிறுவனம் அந்த நாட்டு நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் காசு கட்டவேண்டும், அதை எங்களிடம்தான் அறவிடும். சில நாடுகளுக்கு அந்தக் கட்டணம் மிக அதிகம். அந்த எண்களைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருப்பவனுக்கு அதில் பங்கு போகும். ஆகவே எங்களை எவ்வளவு நேரம் தொடுப்பில் வைத்திருக்கிறானோ, அவ்வளவுக்கு அவனுக்கு லாபம். அதற்காகப் பாட்டுப் போடுவான், 'பொறுங்கள்' என்று ஒரு குரலை ஓடவிடுவான். எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது, மணி அடிக்கிற சத்தத்தையே பதிந்து ஓடவிடுவது. இன்னும் ஒருவரும் தூக்கவில்லை என்று நினைத்து மனுசர் காதில் வைத்துக்கொண்டே நிற்பார்கள். அந்த நேரம் திரையைப் பார்க்கவேண்டும். 00:01, 00:02 என்று நேரம் ஓடினால் மறுமுனை தூக்கியாயிற்று, காசு போகிறது என்று அர்த்தம்.

எண்ணைப் பார்க்கிற விதத்தை அம்மம்மாவுக்கு நீயே சொல்லிக்கொடு, நீ சொன்னால்தான் அவ கேட்பா. எங்கடை ஆக்கள் இடறுகிற இடம் ஒன்று இருக்கு. கிளிநொச்சி, யாழ்ப்பாணப் பக்கத்து வீட்டுத் தொலைபேசி 0212 என்று தொடங்கும், மன்னார் 0232, வவுனியா 0242. ஆனால் +212 மொரோக்கோ, +232 சியரா லியோன், +242 கொங்கோ குடியரசு. கண் மங்கின ஆளுக்கு முன்னாலுள்ள சைபரும் கூட்டல் குறியும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளூர் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி வந்தால் அடுத்தது கட்டாயம் 94 ஆக இருக்கவேண்டும்.

+1 என்றால் கனடா என்று நினைப்பது அடுத்த பிழை. கரீபியன் தீவுகள் பலதும் அதே +1 க்குள்தான். 416, 647, 437 ரொறன்ரோ. 876 ஜமெய்க்கா, 809 டொமினிக்கன் குடியரசு, 473 கிரெனடா, 284 பிரித்தானிய வேர்ஜின் தீவுகள். இது உனக்கும்தான். அங்கிருந்து 1 போட்டு அடிக்கும்போது இந்த எண்களும் உள்ளூர் எண்போலத்தான் இருக்கும், பில்லில்தான் வெளிநாடு என்று தெரியும்.

அம்மம்மாவின் சிம்மில் வெளிநாட்டுக்கு எடுக்கிற வசதியைப் பூட்டிவிடலாம். போனின் கோல் செற்றிங்கில் 'கோல் பாரிங்' என்று இருக்கும். இல்லாவிட்டால் *331* அடித்து, பூட்டு எண்ணைப் போட்டு, # போட்டு அழுத்தவேண்டும். பூட்டு எண் சிம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது ஏற்காவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து ஐடிடி என்கிற வெளிநாட்டுக் கோல் வசதியை நிறுத்தச் சொன்னால் போதும். வட்ஸ்அப் டேட்டாவில் போவது, அதனால் உன்னோடு கதைப்பதற்கு ஒரு தடையும் வராது. ரீலோட் போடுகிற சிம்மில் இருக்கிற மீதிதான் போகும். மாத பில் சிம் என்றால் எவ்வளவு போனது என்று பில் வந்தபிறகுதான் தெரியும், அதை முதலில் பூட்டவேண்டும். வந்த எண்ணை மட்டும் தடுத்துப் பெரிய பலனில்லை, அடுத்த தடவை வேறு எண் காட்டும்.

இன்னொன்று. 'நிறுவனத்திலிருந்து கதைக்கிறம், *21* அடித்து இந்த எண்ணைப் போட்டு # அழுத்துங்கோ' என்று ஒருவன் சொன்னால் உடனே வெட்டச் சொல்லு. அது வருகிற கோலை எல்லாம் அவன் சொன்ன எண்ணுக்குத் திருப்பிவிடும், திருப்புகிற செலவு எங்கள் தலையில். *#21# அடித்தால் திருப்பப்பட்டிருக்கா என்று காட்டும், ##002# எல்லாத் திருப்பல்களையும் எடுத்துவிடும்.

போனைத் தூக்கினாலே காசு போகும், மூன்று வினாடியில் பெயர்ப்பட்டியல் களவு போகும் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி பொய். இலங்கைக்குள் இருந்துகொண்டு வருகிற கோலைத் தூக்கினால் செலவில்லை. அந்தப் பயத்தில் உண்மையான கோலையும் தூக்காமல் விடுகிறவர்கள் இருக்கினம்.

வன்னியில் இது எனக்கு மற்ற இடங்களைவிடக் கூடக் கவலை தருகிறது. போரில் காணாமல்போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற வீடுகள் இங்கே எத்தனை என்று உனக்குத் தெரியும். தெரியாத எண் வந்தால் அது பிள்ளையாய் இருக்குமோ என்று நினைக்கிற அந்தத் தாய்மாரிடம் 'தெரியாத எண்ணுக்குத் திருப்பி எடுக்காதையுங்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. அவர்களுக்குச் சொல்லவேண்டியது வேறு: எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கோ, வட்ஸ்அப்பில் இருக்கா என்று பார்த்து ஒரு குரல் பதிவு அனுப்புங்கோ, அதற்குக் கட்டணம் இல்லை. தேவையாய் எடுத்த ஆள் திரும்ப எடுக்கும். அப்போது தூக்கிக் கதையுங்கோ.

நீ எண் மாற்றினால் முதலில் பழைய எண்ணிலிருந்து உன் குரலில் சொல்லி அனுப்பு. நாங்கள் பெயரோடு பதிந்துவைப்பம். ஞாயிறு இரவு 7 மணிக்கு அம்மம்மா டேட்டாவைப் போட்டுக்கொண்டு இருப்பா. கோடையில் உனக்கு அது காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அந்த நேரத்துக்கு நேராக வட்ஸ்அப்பிலேயே எடு.

அன்புடன்,
அப்பா