கோலாலம்பூரில் சிறு பீர் ஆலைக்குப் பணம் போட நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, நாலு பேராகச் சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு சிறு பீர் ஆலை திறக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த மடல். பீர் காய்ச்சுவது எங்கள் தொழில். உங்களைத் தடுக்க எழுதவில்லை. ஆனால் உங்கள் கைக்கு வரும் திட்டத் தாளின் முதல் பக்கத்தில் பளபளவென்று ஒரு கொதிகலன் படம் இருக்கும். குளிரூட்டியோ கடைசிப் பக்கத்தில் 'இதர செலவுகள்' என்ற வரிக்குள் ஒளிந்திருக்கும். இந்த ஊரில் கணக்கே தலைகீழ். கொதிக்க வைப்பது சுலபம். குளிர வைக்கவும், கழிவை வெளியேற்றவும், வரி கட்டவும்தான் பணம் கரைகிறது.

500 லிட்டர் ஆலையை எடுத்துக்கொள்வோம். இட்லிக்குச் சொல்வதுபோல், ஒருமுறை காய்ச்சும் இந்த 500 லிட்டரை ஒரு ஈடு என்கிறோம். அரைத்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சுமார் 110 கிலோ, அதற்கு 330 லிட்டர் வெந்நீர், 66 அல்லது 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறல். பிறகு 76 டிகிரித் தண்ணீரை மேலே ஊற்றி இனிப்பை அலசி இறக்க வேண்டும். வடிந்து வரும் சாறுதான் வோர்ட். அதை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்டு 60 நிமிடம் கொதிக்க விடுகிறோம். 36 கிலோவாட் ஹீட்டர் இருந்தால் 67 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குப் போக 35 முதல் 40 நிமிடம் ஆகும். கடைவீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம் இதைத் தாங்காது, த்ரீ ஃபேஸ் வேண்டும். இதுவரை, சாம்பார் வைக்கத் தெரிந்தவருக்குப் புரிகிற வேலைதான்.

சிக்கல் அடுப்பை அணைத்த பிறகு. சாற்றை நொதிக்கவைத்து பீராக்கும் ஈஸ்ட்டைப் போட வோர்ட் 18 டிகிரிக்கு வர வேண்டும். குளிர்நாட்டில் குழாயைத் திறந்தால் 10 டிகிரித் தண்ணீர் வரும். தகடு அடுக்கிய வெப்பமாற்றி வழியே ஒருமுறை ஓட்டினால் போதும். நம் குழாயில் வருவது 28 டிகிரி. எத்தனை தகடு சேர்த்தாலும் வோர்ட் அதற்குக் கீழே இறங்காது. அந்த மீதிப் பத்து டிகிரியை 40 நிமிடத்தில் இறக்க 8.5 கிலோவாட் குளிர் தேவை. குளிரில் நொதிக்கவைக்கும் லாகர் வகை பீர் காய்ச்ச ஆசைப்பட்டு 10 டிகிரிக்கு இறக்கப் போனால் 15 கிலோவாட்டைத் தாண்டும். சரி, ஆறட்டும் என்று இரவு முழுக்க விட்டால் ஈஸ்ட்டுக்கு முன்னால் பாக்டீரியா குடியேறிவிடும். சூட்டோடு ஈஸ்ட்டைப் போட்டால் தின்னர் வாசம் அடிக்கும். அந்த வாசம் பிறகு எதைச் செய்தாலும் போகாது.

இதற்குப் பெரிய குளிரூட்டி வாங்கத் தேவையில்லை. வெப்பக்காப்பு போட்ட 600 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, சிறு குளிரூட்டியால் இரவு முழுக்க 3, 4 டிகிரிக்குக் குளிரவைத்துக்கொள்ளுங்கள். வெப்பமாற்றி இரண்டு கட்டமாக இருக்கட்டும்: முதல் கட்டத்தில் குழாய்த் தண்ணீர், இரண்டாவதில் இந்தக் குளிர்நீர். முதல் கட்டத்திலிருந்து சூடாக வெளியே வரும் தண்ணீரைக் கொட்டாமல் அடுத்த ஈட்டுக்குப் பிடித்துவைக்கலாம்.

குளிரூட்டியைப் பின்சந்தில்தான் வைப்பார்கள். பக்கத்து உணவுக்கடையின் எண்ணெய்ப் புகை, சூட்டை வெளியே விடும் அதன் கண்டென்சர் துடுப்புகளில் ஒட்டும், அதன்மேல் தூசி படியும், மூன்றே மாதத்தில் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். காற்று புகாமல் அழுத்தம் ஏறி இயந்திரம் தானே நின்றுவிடும். அது நிற்பதும் பெரும்பாலும் வெயில் உச்சியில், நொதித்தல் வேகமெடுத்த நேரத்தில்தான். ஒரு பெரியதற்குப் பதில் இரண்டு சிறியதாக வாங்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. ஒரு லிட்டர் பீருக்குச் சிறு ஆலையில் கழுவுவதற்கும் சேர்த்து 7, 8 லிட்டர் தண்ணீர் ஆகும். தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால் ஈடு பாதியில் நிற்கக் கூடாது, அதனால் 4,000 லிட்டர் சேமிப்புத் தொட்டி வேண்டும். குளோரினை எடுக்கக் கரி வடிகட்டி அவசியம். அது இல்லாவிட்டால் மால்ட்டோடு சேர்ந்து மருந்துக்கடை வாசம் வரும்.

இனி வடிகால். ஆலைக் கழிவுநீரில் பிஓடி, அதாவது அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் சாதாரணமாகவே இருக்கும். 2009-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் தளர்வான 'பி' தரத்துக்கே வரம்பு 50. தொட்டி அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டல் இதைவிடப் பல மடங்கு மோசம். அதை லோங்காங்கில் (தெருச் சாக்கடையில்) விட்டால் மறுநாள் சந்தே நாறும், அடுத்த நாள் புகார் போகும். வண்டலைத் தனி டிரம்மில் பிடியுங்கள். தொட்டி கழுவும் காரமான காஸ்டிக்கின் கழுவுநீரையும் அமிலக் கழுவுநீரையும் ஒரே தொட்டியில் சேர்த்து, அமிலக் காரத்தன்மையைச் சரிசெய்த பிறகே திறந்துவிடுங்கள். தரை, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிய வேண்டும். நிரம்பிய 500 லிட்டர் தொட்டி 700 கிலோ; அந்த எடை நாலு கால்களில் இறங்கும். கடைவீட்டு மேல்மாடி இதற்கு வேண்டவே வேண்டாம்.

சாறு வடிந்த பிறகு மிஞ்சும் மால்ட் சக்கை வேறு இருக்கிறது. ஒவ்வொரு ஈட்டுக்கும் 130 கிலோவுக்குக் குறையாமல் ஈரச் சக்கை வரும். நம் வெயிலுக்கு மறுநாள் காலையே புளித்துப் புழு வைக்கும். எனவே முதல் வாடிக்கையாளரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு மாட்டுப் பண்ணைக்காரரைத் தேடுங்கள், அன்றன்றே வந்து எடுக்கிறவராக.

உயிருக்கு ஆபத்தான இரண்டு விஷயங்களைப் பணம் போடுகிறவர்களும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஈடு நொதிக்கும்போது ஏறக்குறைய 20 கிலோ கரியமிலவாயு வெளிவரும். பரப்பினால் பத்து கன மீட்டருக்கு மேல். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஏர்கான் போட்டுக் கதவடைத்த கடையில் குனிந்து வால்வு திருகுகிறவர் மயங்கி விழுவார். வாயுவைக் குழாய் போட்டு வெளியே விட வேண்டும். எச்சரிக்கைக் கருவியை முழங்கால் உயரத்தில் மாட்ட வேண்டும். இரண்டாவது, அந்த வாயு நிறைந்த தொட்டியை மூடிவைத்து உள்ளே காஸ்டிக் தெளித்தால், காஸ்டிக் வாயுவை உறிஞ்சிவிடும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். எஃகுத் தொட்டி டின் நசுங்குவதுபோல் நசுங்கும். சூடாகக் கழுவிய கையோடு குளிர்நீர் விட்டாலும் இதே கதிதான். வெற்றிட வால்வு இல்லாத தொட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வரிக்கு வருவோம். பீருக்கான கலால் வரி 2016 மார்ச்சிலிருந்து, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்). 2025 நவம்பர் 1 முதல் பத்து விழுக்காடு ஏறி 192.50. ஐந்து விழுக்காட்டு பீர் என்றால் லிட்டருக்கு 9 வெள்ளி 62 சென். இதற்குமேல் விற்பனை வரி. ஷா ஆலாமில் 1972 முதல் காய்ச்சும் கார்ல்ஸ்பெர்க்குக்கும் நமக்கும் வீதம் ஒன்றுதான். சிறியவர் என்று சலுகை கிடையாது. அவர்கள் மால்ட்டிலும் டின்னிலும் மிச்சம் பிடிப்பார்கள், நம்மால் முடியாது. 500 லிட்டர் ஊற்றினால் வண்டலும் ஹாப்ஸும் குடித்தது போக 440 லிட்டர் வெளியே போகும். அதற்கு 4,235 வெள்ளி கலால். மாதம் நாலு ஈடு என்றால் 16,940. சரக்கு ஆலையை விட்டு வெளியேறும்போதே வரிக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. பார்க்காரரோ இரண்டு மாதம் கழித்துத்தான் தருவார். அதாவது 34,000 வெள்ளி எப்போதும் வெளியே நிற்கும், அதில் ஒரு சென் கூட மால்ட்டுக்கோ வாடகைக்கோ சம்பளத்துக்கோ போனதல்ல. திட்டத் தாளில் இந்தத் தொகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏழு விழுக்காட்டு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) போடலாம் என்று உற்சாகமாகச் சொல்பவரிடம், லிட்டருக்கு வரி மட்டுமே 13 வெள்ளி 47 சென் என்பதையும் சொல்லுங்கள்.

உரிமம் இல்லாமல் பீர் தயாரிப்பது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். "உரிமம் வரும்வரை வீட்டில் சின்னதாகக் காய்ச்சி ருசி காட்டுகிறோம்" என்று சொல்கிறவரோடு கூட்டு வேண்டாம். 2018-இல் கலப்பட மதுவால் சிலாங்கூரில் நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு அதிகாரிகளின் பார்வை கூர்மையாகத்தான் இருக்கும். அதில் தவறும் இல்லை. தயாரிக்கும் உரிமம் வேறு, விற்கும் உரிமம் வேறு, கட்டடத்தின் பயன்பாட்டு வகை வேறு. செகாம்புட், சான் சாவ் லின் பக்கம் தொழிற்கூட இடம் எடுத்துக் காய்ச்சி, பிரிக்பீல்ட்ஸில் ஊற்றி விற்பது வாடகைக்கும் நல்லது, அக்கம்பக்கத்துக்கும் நல்லது. அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) மேசை போட்டுக் கொதிகலனைக் கண்ணாடி வழியே காட்டும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கெக், அதாவது பீர் அடைக்கும் எஃகுப் பீப்பாய், எத்தனை என்றும் கேளுங்கள். ஒரு ஈடு 30 லிட்டர் கெக்கில் பதினைந்து. பாரில், வேனில், கழுவும் இடத்தில், குளிரறையில் என்று நாலு இடத்திலும் இருக்கும் என்பதால் அறுபது வேண்டும். பதினைந்து மட்டும் போட்டிருக்கும் தாள், பீர் தொட்டியிலேயே காத்துக்கிடக்கும் தாள்.

இடம் பார்க்கக் கூட்டிப்போனால் ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். நடுத்தரையில் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் வடிகாலுக்கு ஓடுகிறதா, சுவரோரம் தேங்குகிறதா, பக்கத்துக் கடைக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படிக்கு,
கோலாலம்பூரில் பீர் காய்ச்சும் சிலர்