நான்தான் தொப்பி

குலசேகரம்,
ஞாயிறு மாலை.

அன்பு ஷீலா,

ஓணத்துக்கு முன்பு நீ அனுப்பிய குரல் செய்திக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபப்படாதே மக்கா. "எதை வாங்கினாலும் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்" என்று அன்றே இரண்டு வரி அனுப்பியிருக்கலாம். ஆனால் அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் ஓடிவிட்டது.

இங்கே எல்லோரும் நலம். மாமியின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. விடாத மழை, பத்து நாளாக ரப்பர் பால்வெட்டு இல்லை. மேரி டீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார். கடைசி நாளிலும் உன்னைத்தான் விசாரித்தார். அந்தக் குடை விஷயத்தை இன்னும் மறக்கவில்லை. டிசம்பரில் மஸ்கட்டிலிருந்து வரும்போது நீயே போய்ச் சமாதானம் செய்துகொள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கருங்கலில் அம்மையிடம் இருக்கும் உன் ஜோயலுக்கும் ஜெனிக்கும் ஒரு கேம் பெட்டி வாங்கி வர வேண்டும், பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நின்டெண்டோவா என்று கேட்டிருந்தாய். மே மாதம் சீட்டுப் பணம் கிடைத்தபோது நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். கடைசியில் நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கினோம், ஏழு அங்குல ஓஎல்இடி திரை உள்ளது. வாங்கியதில் வருத்தம் இல்லை. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேறு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

செல்வன் அண்ணன் சவுதியிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் நினைவிருக்கிறதா? ஒரே கேசட்டில் 9999 கேம் என்று அட்டையில் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுதான், மீதியெல்லாம் அதே கேம் வேறு பெயரில் வரும். கேசட் ஓடாவிட்டால் உன் அண்ணன் அதைக் கழற்றி வாயால் ஊதுவான். மரியோவில் இரண்டு பேர் ஆடலாம் என்று திரையில் எழுதியிருக்கும். ஆனால் முதல் ஆள் மரியோ, இரண்டாவது ஆள் லுய்ஜி. மரியோ செத்தால்தான் லுய்ஜிக்கு முறை. உன் அண்ணன் லேசில் சாக மாட்டான். செத்தாலும், "இது கணக்கில் இல்லை, கை வழுக்கிவிட்டது" என்பான். காண்ட்ரா என்ற கேமில் முப்பது உயிர் கிடைக்க மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்த வேண்டும். நீயும் நானும்தான் அதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து பின்னால் நின்று கத்துவோம். அவன் அழுத்துவான். அந்த விடுமுறை முழுவதும் நாம் எத்தனை முறை அதைக் கையில் பிடித்தோம் என்று யோசித்துப் பார். எனக்கு இரண்டு முறைதான் நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு முறை அவன் அம்மை நோயில் படுத்திருந்தான்.

அது போகட்டும் என்று விட்டிருந்தேன். ஜூன் மாதம்தான் அது திரும்ப வந்து என்னைக் குத்தியது.

ஸ்விட்சில் பெற்றோருக்கென்று ஒரு செயலி உண்டு. நம் கைபேசியிலேயே அன்றன்று எந்த கேமை எவ்வளவு நேரம், யார் பெயரில் ஆடினார்கள் என்று காட்டும். நேர வரம்பு வைக்கலாம், வரம்பு தாண்டினால் கேமை நிறுத்தவும் செய்யலாம். அபினுக்கு ஒரு பெயர், அனுஷாவுக்கு ஒரு பெயர் என்று போட்டுக் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எல்லா நாளும் அபின் பெயர்தான். அனுஷாவின் பெயரில் ஒன்றுமே இல்லை. அவள் பதினொரு வயது, அவன் எட்டு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். அவள் கையிலும் ஒரு கைப்பிடி இருக்கிறது. எனக்குப் புரியவில்லை.

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன், "நீ ஆடுவதே இல்லையா மக்களே?"

"நானும் ஆடுகிறேனே அம்மா. நான்தான் தொப்பி."

அந்த கேம் சூப்பர் மரியோ ஒடிஸி. 2017-இல் வந்தது, மிக நல்ல கேம். அட்டையில் இரண்டு பேர் ஆடலாம் என்று இருக்கிறது, பொய்யும் இல்லை. ஆனால் முதல் ஆள் மரியோவாக ஓடுகிறான், குதிக்கிறான், ஊரெல்லாம் சுற்றுகிறான். இரண்டாவது ஆள் அவன் தலையில் இருக்கும் தொப்பி. அவன் போகும் இடத்துக்குத்தான் தொப்பி போக முடியும். பறந்து போய்ப் பூச்சியைத் தட்டலாம், காசு பொறுக்கலாம், அவ்வளவுதான். மூன்று வாரமாக என் மகள் தன் தம்பியின் தலையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் "பிள்ளைகள் ஒற்றுமையாக ஆடுகிறார்கள்" என்று உன் அம்மைக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன்!

யாரும் அவளைத் தொப்பியாக இரு என்று சொல்லவில்லை, ஷீலா. அதுதான் எனக்கு ஆறவில்லை. "தம்பி அழுவான்" என்று அவளே எடுத்துக்கொண்டாள். சொல்லும்போது முகத்தில் வருத்தம்கூட இல்லை. தேங்காயைத் துருவிக்கொண்டே சொன்னாள்.

அன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொரு கேமையும் தேடிப் பார்த்தேன். இரண்டு பேர் என்று எழுதிய பலவற்றிலும் இரண்டாவது ஆள் எடுபிடிதான். கிர்பி என்று 2022-இல் வந்த ஒன்று, பார்க்க அவ்வளவு அழகு. அதிலும் இரண்டாமவர் துணைக்கு வரும் ஆள், திரை கிர்பியின் பின்னால்தான் போகும். சின்னப் பிள்ளையைப் பெரியவர்கள் மடியில் வைத்து ஆட அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. அக்கா தம்பி இரண்டு பேருக்கும் சரிசமமாக வேண்டுமென்றால் வேறு தேட வேண்டும்.

ஆகவே பெட்டி எது என்று கேட்பதற்கு முன்பு, இரண்டாவது கைக்கு என்ன வேலை என்று கேள். அதற்குப் பதில் கிடைத்தால் பெட்டி தானாக முடிவாகிவிடும்.

எங்கள் வீட்டில் இவருக்கு பிளேஸ்டேஷன் 5 மேல்தான் ஆசை, கால்பந்து ஆட வேண்டுமாம். 2021 பிப்ரவரியில் இங்கே விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் போடுவது 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. படம் கண்ணைப் பறிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டிக்குள் கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலர் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது வேண்டுமானால் அப்போதே 5,990 தனி. அதனோடு சும்மா வரும் ஆஸ்ட்ரோ கேம் ஒரு ஆள்தான் ஆட முடியும். 2024-இல் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் என்று விருது வாங்கிய ஆஸ்ட்ரோ பாட், அதுவும் தனியாள் ஆட்டம்தான். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் நாளே ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் சீரிஸ் எஸ் என்ற வகை விலை குறைவு, ஆனால் டிஸ்க் போட இடமே இல்லை, எல்லாம் நெட்டில்தான் இறக்க வேண்டும். கருங்கலில் உன் அம்மை வீட்டு நெட் மழை தூறினாலே போய்விடும். அதை நம்பி ஐம்பது, நூறு ஜிபி கேமை யார் இறக்குவது?

ஸ்விட்சில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றினால், ஆளுக்கு ஒன்றாக முதல் நாளே இரண்டு பேர் ஆடலாம். டிவியோடு இணைக்கலாம், டிவி இல்லாமலும் ஆடலாம். போன வியாழன் இடியும் மழையுமாகக் கரண்ட் போனது. அனுஷா அதை டிவியோடு இணைக்கும் தொட்டிலிலிருந்து உருவி எடுத்து, பின்னால் இருக்கும் தாங்கியை விரித்து, மண்ணெண்ணெய் விளக்குப் பக்கத்தில் மேசைமேல் நிறுத்தினாள். ஏழு அங்குலத் திரையின் நடுவில் கோடு விழுந்து இரண்டாகப் பிரிந்தது, இரண்டு வண்டிகள் கிளம்பின. மரியோ கார்ட். அபின் வண்டி வளைவில் கீழே விழாமல் இருக்க ஓர் ஏற்பாடு அதிலேயே உண்டு, அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அனுஷாவுக்கு அது இல்லை, அவள் நன்றாகவே ஓட்டுவாள். கடைசிச் சுற்றில் தம்பிக்காக வேகத்தைக் குறைப்பாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறைக்கவில்லை. ஜெயித்தாள். அவன் அழுதான். அழட்டும்!

ஆனால் வீட்டையே மாற்றிய கேம் ஓவர்குக்டு. ஒரு அடுக்களை, இரண்டு முதல் நான்கு பேர் வரை சமையற்காரர்கள். வெங்காயத்தை ஒருவர் நறுக்க, ஒருவர் சட்டியில் போட, வெந்ததும் தட்டில் ஊற்றி அனுப்ப வேண்டும். எச்சில் தட்டு திரும்பி வரும், அதையும் கழுவ வேண்டும். சட்டியைக் கவனிக்காமல் விட்டால் தீப்பிடித்துவிடும். ஒருவரே எல்லாம் செய்ய நேரம் போதாது. முழங்கால் வலியோடு கட்டிலில் கிடக்கும் மாமி, முதல் நாள் சட்டியில் புகை வந்ததைப் பார்த்து, "அடுப்பை அணை பிள்ளே, அடிப்பிடிக்கிறது!" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார். இப்போது தினமும் பின்னாலிருந்து அதிகாரம் அவருடையதுதான். அனுஷா வேலையைப் பிரித்துக் கொடுக்கிறாள், அபின் தட்டு கழுவுகிறான். நிஜமான தட்டையும் கழுவச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிறது.

சூப்பர் மரியோ 3டி வேர்ல்டும் வாங்கலாம். அதில் நான்கு பேரும் சமம், யாரும் தொப்பி இல்லை. பீச் இளவரசி குதித்தால் கொஞ்ச நேரம் காற்றில் மிதப்பாள், உன் ஜெனிக்குப் பிடிக்கும். நம் காலத்தில் அந்த இளவரசியைக் கோட்டையில் பூட்டி வைத்திருந்தார்கள்.

இட் டேக்ஸ் டூ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. ஒருவர் சுவரில் ஆணி எறிய, மற்றவர் சுத்தியலை அதில் மாட்டி ஊஞ்சலாடித் தாண்டுவார். சமம் என்றால் அப்படியொரு சமம். ஆனால் அதை அம்மையிடம் கொடுத்துவிட்டு நீ மஸ்கட்டுக்குப் போய்விடாதே. பிரியப்போகிற ஒரு அப்பா அம்மாவின் கதை அது. மகளுடைய பொம்மை யானை ஒன்றை அவர்கள் இழுத்துப்போய்த் தள்ளும் இடம் வரும், எனக்கே தாங்கவில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது. வேலைக்காக நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டில் இருப்பது வேறு, அது வேறு. உனக்கும் எனக்கும் தெரியும். ஜெனிக்கு ஏழு வயது, ஷீலா. ஜோயல் இன்னும் இரண்டு வருடம் வளரட்டும். லீவில் வரும்போது நீ அவனோடு உட்கார்ந்து ஆடு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வருவது, கடைக்கு ஒரு விலை, கடைக்காரர் வாக்குத்தான் வாரண்டி. அங்கேயே வாங்கு. லைட் என்று ஒரு வகை மலிவாக இருக்கும், தொடாதே. அது டிவியில் சேராது, கைப்பிடியும் கழலாது, தனியாகக் கைப்பிடி வாங்காவிட்டால் ஒரே ஆள்தான். நாகர்கோவிலில் ஒரு கடையில் அதைத்தான் எனக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். கூடவே "பையன் விரும்புவான்" என்று துப்பாக்கி கேம் ஒன்றும். அட்டையின் கீழ்மூலையில் சிவப்புக் கட்டத்தில் 18 என்று இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு! பச்சைக் கட்டத்தில் 3 அல்லது 7 இருந்தால் மட்டும் எடு. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்திருக்கிறது, பழைய கேம்கள் பெரும்பாலும் அதிலும் ஓடும். பணம் ஒத்துவந்தால் அது. இல்லையென்றால் பழையதே போதும், மிச்சப் பணத்தில் இன்னொரு ஜோடி கைப்பிடி வாங்கு, நான்கு பேர் ஆடலாம். ஸ்விட்சுக்குள் செருகும் சின்ன கேம் அட்டை பெரும்பாலும் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். அந்தச் சின்ன அட்டையில் வேண்டுமென்றே கசப்பு தடவியிருப்பார்கள், பிள்ளைகள் விழுங்காமல் இருக்க. அபின் நக்கிப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் துப்பினான். சார்ஜர் நம் கரண்டுக்கும் ஒத்துவரும், முள் மட்டும் இங்கே பொருந்தாது. மாற்று முள் ஒன்று கொண்டு வா.

இன்னொன்று, நெடுநேரம் யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்தச் செயலி மஸ்கட்டிலும் வேலை செய்யும். டியூட்டி முடிந்து வந்து படுக்கையில் கிடந்தபடி, இன்று பிள்ளைகள் நாற்பது நிமிடம் ஆடினார்கள் என்று நீ பார்க்கலாம். உனக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது பெயரைத்தான் காட்டும் மக்கா. பக்கத்தில் யார் தொப்பியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டாது. அம்மைக்கு அது தெரியாது, நம் அம்மைகளுக்கு அன்றும் தெரியவில்லை. அதனால் நீ திரும்பிப் போன பிறகு மாதம் ஒரு ஞாயிறு நான் மார்த்தாண்டம் இறங்கி பஸ் மாறிக் கருங்கலுக்குப் போகிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். பெரிதாக நன்றியெல்லாம் சொல்லாதே, எனக்கும் அவர்களைப் பார்க்க வேண்டும்.

எந்தத் தேதி ஃப்ளைட் என்று எழுது. திருவனந்தபுரத்துக்கு இவர் வண்டி கொண்டு வருவார். மட்டிப்பழம் இப்போதே ஒரு குலை பார்த்து வைத்திருக்கிறேன், நீ வரும்போது பழுத்திருக்கும். அண்ணனுக்கு என் விசாரிப்பைச் சொல். அவன் பிள்ளைகளோடு வந்தால் முதலில் அவன் கையில் தொப்பியைக் கொடுக்கப்போகிறேன், அதையும் சொல்லிவிடு.

உன்,
ஜெயா