ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அன்பர்களே,

ராஜா ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நூலின் முன்பக்கத்தில் பெயர்களை வரிசையாகப் போட்டுவிட்டால் போதாதா என்று பதிப்பாசிரியர் கேட்டார். செய்த உதவி இன்னதென்று சொல்லாமல் பெயரை மட்டும் அச்சிடுவதில் எனக்கு மனநிறைவு இல்லை. உங்களில் சிலர் பெயரே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், உதவியை மட்டும் சொல்லி, பெயர் சுட்டாமல் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்டுவது எப்படியென்று எனக்குக் கண்ணால் காட்டிய ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியருக்கு உரியது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் படங்களுக்கு முன் என்னை நிறுத்தி, “முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் சேலைக் கரையைப் பாருங்கள்” என்றார் அவர். எட்ட நின்றால் சரிகையாக மின்னுவது, கிட்டே போனதும் காவியும் பழுப்புமான வெறும் பூச்சாகவும், அதன்மேல் அங்கங்கே தடிப்பாக வைத்த வெளிர்மஞ்சள் புள்ளிகளாகவும் பிரிந்துவிடுகிறது. ஒளி விழுந்த இடத்தைத் தவிர ஓர் இழையைக்கூட ரவிவர்மா தனியாக வரையவில்லை. முகத்துக்கு வரும்போதோ தூரிகைத் தடமே தெரியவில்லை. ஆளிவிதை எண்ணெய் மெல்ல உலர்வதால், ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தோடு இழைத்துக் கன்னத்தின் வளைவைக் கொண்டுவந்திருக்கிறார் என்று ஆசிரியர் விளக்கினார். துணிக்கு ஒரு கை, முகத்துக்கு ஒரு கை என்று இருவேறு முறைகளை ஒரே திரையில் கையாண்டவர் அவர் என்பது அதன் பிறகே எனக்குப் பிடிபட்டது.

அடுத்து, மலையாள நூல்களை என்னோடு அமர்ந்து வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்ன தோழிக்கு நன்றி. ரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார் என்ற செய்தி எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஆனால் அவருடைய தாய் உமாம்பாபாய் துள்ளல் பாட்டு இயற்றிய கவிஞர் என்பதும், தாய்மாமன் ராஜராஜவர்மாவே முதலில் தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்தார் என்பதும், அவ்வீட்டின் பிள்ளைகளில் ஓவியர் ஒருவர் மட்டுமல்லர் என்பதும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு குடும்பத்தின் கதையாக உருப்பெற்றது அந்தத் தோழியின் பொறுமையால்தான்.

ஆறுமுகம் பிள்ளையின் பெயரை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் நூலின் உடலிலேயே வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே. பதினான்கு வயதில் திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாளின் அவைக்கு வந்த ரவிவர்மாவுக்கு, எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களைச் சொல்லிக்கொடுக்க அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் இணங்கவில்லை. 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சனோ தாம் வரைவதைப் பார்க்க விட்டாரே தவிர, பாடம் நடத்தவில்லை. நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளைதான் தம் ஆசானுக்குத் தெரியாமல் வந்து கற்றுக்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தானே கற்றுத் தேர்ந்த மேதை என்று ரவிவர்மாவைப் போற்றும் நம் வழக்கத்தில், இந்த மனிதருக்கு இடமில்லாமல் போய்விட்டது. தமிழில் எழுதப்படும் நூலிலாவது அவருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்பது தோழியின் வாதம். எனக்கு மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

தம்பி சி. ராஜராஜவர்மாவின் நாட்குறிப்பை வாசித்து ஊர்களையும் நாட்களையும் ஒழுங்குபடுத்தித் தந்த ஆய்வு மாணவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. 1895 முதல் பத்தாண்டுக் காலம் அண்ணனோடு சுற்றிய பயணங்களையும், சமஸ்தானங்களில் நடந்த வேலைகளையும் தம்பி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். நிலக்காட்சியில் தனித்திறம் கொண்ட அவர், அண்ணனின் பல படங்களில் பின்னணியைத் தீட்டியதோடு, கடிதப் போக்குவரத்தையும் கவனித்துக்கொண்டார். ரவிவர்மா என்று கையொப்பமிட்ட படத்தில் எவ்வளவு தம்பியுடையது என்ற கேள்வியை மாணவர் என்னிடம் விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தார். 1905இல் தம்பி மறைந்தார். 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் அண்ணனும் மறைந்தார். இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தை நூலில் ஓர் அத்தியாயமாகவே எழுதியிருப்பது அம்மாணவரின் யோசனைப்படிதான்.

தங்கை மங்களாபாய் தீட்டிய ரவிவர்மாவின் உருவப்படத்தைப் பற்றிக் குறிப்புகள் அனுப்பிய திருவனந்தபுரத்து அன்பருக்கும் நன்றி. ஊர் ஊராகப் போய் மன்னர்களையும் மகாராணிகளையும் எதிரே அமர வைத்து வரைந்தவரை, தங்கை வரைந்திருக்கிறார். ரவிவர்மாவும் தம் மூத்த மகள் மகாபிரபாவைக் கைக்குழந்தையோடு நிற்கச் செய்து, “இதோ அப்பா வருகிறார்” என்ற படத்தை 1893இல் தீட்டினார். அரச குடும்பத்துப் படங்களைவிட இந்தப் படத்தில்தான் அவர் மனம் இளகி வரைந்திருக்கிறார் என்பது என் கருத்து. அன்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, இருந்தும் குறிப்புகளைத் தாராளமாக அனுப்பினார்.

செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பில் தொங்கும் பழைய அச்சுப்படங்களைக் கழற்றி, கண்ணாடி நீக்கிக் காட்டிய ஆச்சிக்கு என் வணக்கம். லட்சுமியின் சேலைமேல் சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்திருந்த அப்படங்கள், ரவிவர்மா தம் ஓவியங்களை அச்சிட 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அவரை எத்தனை தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதற்குச் சான்று. உருவப்பட ஓவியராக அவரை அளக்க அந்த அச்சுகள் உதவா என்று நூலில் எழுதியிருக்கிறேன். ஆச்சி வருத்தப்படக் கூடாது.

ரவிவர்மாவைத் துளியும் பிடிக்காத ஓவிய நண்பர் ஒருவர் கைப்பிரதி முழுவதையும் படித்தார். கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசாமி ரவிவர்மாவின் ஓவியங்கள் மீது அன்றே எழுப்பிய கண்டனத்தை நான் ஒரே பத்தியில் கடந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவர் அவர். அவருடைய ஓரக்குறிப்புகள் சில அச்சிடத் தகாதவை. மற்றவை நூலில் உள்ளன.

மெய்ப்புத் திருத்தியவருக்கும், வடிவமைப்பாளருக்கும், வீட்டில் என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்த என் மனைவிக்கும் நன்றி.

நூல் வெளிவந்ததும் உங்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு படி பதிவுத் தபாலில் வந்து சேரும். ஒளிப்படங்களும் குறிப்பேடுகளும் இரவல் தந்தவர்களுக்கு, அவற்றையும் அதனுடனேயே திருப்பி அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதும் ஒரு வரி எழுதினால் நிம்மதியாக இருக்கும்.

நன்றியுடன்,
நூலாசிரியர்