பிறை நெபுலாவைப் படமெடுக்க ஃபில்டர் கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைச் சுவரில் மாட்டியிருக்கும், பிறை நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, அதே நிறம் வர வேண்டுமென்று டூயல் பேண்ட் ஃபில்டர் (இரண்டு குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் உள்ளே விடுவது) கேட்டுப் பலர் வருகிறீர்கள். வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த நிறங்களை உண்டாக்குவது ஒரு விண்மீன். தெருவிளக்கு ஒளியை விலக்கி, அவை தெளிவாகத் தெரிய வழிவிடுவதுதான் ஃபில்டரின் வேலை.

சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுத் தொலைவில் டபிள்யூ.ஆர். 136 என்ற பெருநிறை விண்மீன் இருக்கிறது. செந்நிறமாக வீங்கியிருந்த காலத்தில் அது தன் மேலடுக்கு வாயுவை மெதுவாக உதறியது. பிறகு கடும் வெப்பமுள்ள வுல்ஃப்-ரையே விண்மீனாக மாறி, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்றை வீசத் தொடங்கியது. பின்னால் கிளம்பிய காற்று முன்னால் போன வாயுவை எட்டிப்பிடித்து மோதியதில் திரண்ட ஓடே இந்த நெபுலா. விண்மீனின் புற ஊதாக் கதிர்கள் பட்டு, அதிலுள்ள ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. சிவப்பு இழைகளுக்கு வெளியே மெல்லிய சவ்வாகத் தெரிவது இந்த ஆக்சிஜன்தான். எங்களைக் கேட்டால், இதன் அழகு முழுவதும் அந்தச் சவ்வில் இருக்கிறது.

சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதை மாற்றாமல் ஃபில்டருக்கு மட்டும் செலவழிப்பது வீண். முதலில் வானத்தின் சுழற்சியைச் சீராகப் பின்தொடரும் மவுண்ட் (கேமராவைத் தாங்கித் திருப்பும் தாங்கி); அடுத்து, கண்ணாடி மாற்றிய கேமரா; ஃபில்டர் கடைசியில். பெரிய தொலைநோக்கி கேட்டு வருபவர்களையும் நாங்கள் மவுண்ட் பக்கம்தான் திருப்புகிறோம்.

சில நிமிட எக்ஸ்போஷர்களாகப் பல மணி நேரம் எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஆக்சிஜனின் ஒளி மிக மங்கல். நிலவொளி அதைத்தான் முதலில் கெடுக்கும். அதனால் அமாவாசையை ஒட்டிய இரவுகளே நல்லவை. ஒரே இரவில் முடிக்க அவசரப்படாதீர்கள்.

தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் விடியலுக்கு முன் சிக்னஸ் நன்கு உயர்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தின் சதர் என்ற விண்மீனுக்குச் சற்றுத் தென்மேற்கே கேமராவைத் திருப்புங்கள்.

உங்கள் கேமராவைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு இந்த ஃபில்டர் பயன்படுமா என்று பார்த்துச் சொல்கிறோம். பயன்படாது என்றால் விற்க மாட்டோம்.

அன்புடன்,
கடைக் குழுவினர்